மன்னாரில் சிந்திய இரத்தம் யாருடைய கணக்கில்?

மன்னாரைப் பற்றி எழுதப் புகுவோர் விரைவிலேயே இரண்டு வகை எழுத்துகளுக்கு இடையில் அகப்பட்டுக்கொள்கிறார்கள். ஒன்று, மேலைநாடுகளிலிருந்து வெளிவரும் சமயப் பிரசுரங்களின் எழுத்து. இலங்கையின் வடபுலத்தில் கொல்லப்பட்ட குருமாரின் பெயர்களை வரிசையாக இட்டு, "நற்செய்தியை அறிவித்ததற்காக உயிர் துறந்தவர்கள்" என்று தலைப்புக் கொடுத்துவிட்டால் அவர்களுடைய கடமை முடிந்துவிடுகிறது. மற்றது, அண்மைக்காலத்தில் நம்மவர் சிலர் ஆர்வத்தோடு எழுதிவரும் எழுத்து. பாதிரிமார் எல்லாரும் பறங்கியின் ஏவலாளர், மதம் மாற்ற வந்தவர்கள், வினை விதைத்தவர்கள் வினை அறுத்தார்கள் என்பது இவர்களது முடிபு.

ஒன்று உருக்கமானது, மற்றது வெறுப்பு நிறைந்தது. ஆயினும் இரண்டும் ஒரே பிழையைச் செய்கின்றன. மன்னாரில் சமயப் பணியாளர்களைச் சூழ்ந்த ஆபத்து அவர்கள் செய்த போதனையால் வந்தது என்றே இரு சாராரும் கொள்கிறார்கள். நானூற்று எண்பது ஆண்டுக் கதையை எடுத்து வைத்துப் பார்த்தால் இக்கொள்கை நிற்கவில்லை. அது நிற்காதது மட்டுமன்று, உண்மையில் பொறுப்புக் கூற வேண்டியவர்களை அது தப்பவும் விடுகிறது. என் வழக்கு இதுதான். நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன். எவர் பக்கம் நின்று பேசுகிறான் என்று தேடும் அன்பர்களுக்கு அந்தத் தொல்லை வேண்டாம்.

முதலில் 1544ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணிசெய்துகொண்டிருந்த பிரான்சிஸ் சவேரியாரை மன்னார்த் தீவின் மக்கள் அழைத்தார்கள். தாம் வர இயலாமையால் அவர் வேறொரு குருவை அனுப்பினார். அவர் வந்து திருமுழுக்குக் கொடுத்தார். செய்தி யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலிக்கு எட்டியது. படை வந்தது. 600 முதல் 700 பேர் வரை வெட்டுண்டார்கள் என்பது வழங்கிவரும் கணக்கு. தோட்டவெளியில் இன்றும் அவர்களை நினைந்து வழிபாடு நடக்கிறது.

இங்கே மாண்டவர்கள் யார் என்று ஒருமுறை நின்று கேட்க வேண்டும். கடல் கடந்து வந்த போதகர் எவரும் மாளவில்லை. மாண்டவர்கள் மண்ணின் மக்கள், தமிழர், கடலையும் வலையையும் நம்பி வாழ்ந்தவர்கள். சவேரியாரின் வீரத்தைப் பாடும் நூல்களில் இவர்கள் ஓர் எண்ணாக மட்டும் வருகிறார்கள். சங்கிலியின் வீரத்தைப் பாடுவோரிடத்தில் இவர்கள் துரோகிகளாக வருகிறார்கள். பெயரோடு எங்கும் வரவில்லை.

சங்கிலி அஞ்சியது சிலுவைக்கா? போர்த்துக்கேயக் கப்பல்கள் இந்தக் கடலில் வலம் வந்த காலம் அது. எதிர்க்கரையில் பரதவர் முழுக்குப் பெற்றதோடு போர்த்துக்கேய மன்னரின் பாதுகாப்பின் கீழும் சென்றிருந்தனர். அரச குடும்பத்திலே அரியணைக்கு உரிமை கோரிய ஒருவர், கிறிஸ்தவனாகிறேன் என்று சொல்லிப் போர்த்துக்கேயரிடம் உதவி தேடிக்கொண்டிருந்தார். முத்துச் சலாபமும் குடிகளும் கைமாறிப் போகும் என்ற அச்சம் அரசனுக்கு இருந்ததில் வியப்பில்லை. அந்த அச்சத்தைப் புரிந்துகொள்ளலாம். நிராயுதபாணியான 600 பேரை வெட்டியதை அதனால் நியாயப்படுத்த முடியாது. இவ்விரண்டு வாக்கியங்களையும் ஒருசேரச் சொல்ல இயலாதவர்கள் வரலாறு பேசக் கூடாது என்பது என் கருத்து.

அடுத்து நிகழ்ந்ததைச் சமயப் பிரசுரங்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. கொலைக்குப் பதிலடி கொடுக்கும்படி சவேரியார் போர்த்துக்கேய ஆட்சியாளரிடம் முறையிட்டார். படையெடுப்புக்கு இசைவும் கிடைத்தது. 1545இல் அவர் நாகபட்டினத்தில் காத்திருந்தார். படை புறப்படவில்லை. பெகு நாட்டிலிருந்து போர்த்துக்கேய மன்னரின் சரக்கோடு வந்த கப்பல் ஒன்று யாழ்ப்பாணக் கரையில் தரைதட்டி, அதன் பண்டங்கள் சங்கிலியின் கைக்குப் போயிருந்தன. அவற்றை மீட்கும்வரை போர் வேண்டாம் என்று முடிவாயிற்று. 600 உயிர்களை ஒரு தட்டிலும் ஒரு கப்பல் சரக்கை மறு தட்டிலும் வைத்தபோது எது தாழ்ந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1560இல் போர்த்துக்கேயர் வந்து மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டியது உண்மை. ஆனால் அது முத்துக்காகவும் கடல்வழிக்காகவும். வேதசாட்சிகளின் நீதிக்காக அன்று.

இதே பாடத்தை எதிர்க்கரையில் இன்னும் தெளிவாகக் காணலாம். மண்டபத்துக்கு அருகேயுள்ள வேதாளையில் 1549இல் அந்தோனியோ கிரிமினாலி என்ற இயேசு சபைக் குரு ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார். அச்சபையின் முதல் மறைசாட்சி என்று அவரைக் கூறுவர். அவர் எதனால் இறந்தார்? அங்கே இருந்த போர்த்துக்கேயத் தளபதி, இராமேசுவரம் செல்லும் வழியை மறித்து அகழி வெட்டி, யாத்திரிகரிடம் வரி தண்டினான். ஆத்திரமடைந்த விஜயநகரப் படையினர் வந்து தாக்கினர். தப்பிப் போகக் கப்பல் இருந்தது. கிரிமினாலி ஏறவில்லை. பெண்களையும் குழந்தைகளையும் கப்பலேற்றிக்கொண்டு கரையிலேயே நின்றார், அங்கேயே மடிந்தார். அவரை ஆபத்தில் மாட்டிவிட்டது போதனை அன்று, தம் இனத்துத் தளபதியின் பேராசை. அவரைப் பெரியவராக்கியது மக்களை விட்டு ஓடாமல் நின்றது.

இனி ஒல்லாந்தர் காலம். 1658இல் மன்னார் அவர்கள் கைக்குப் போயிற்று. வந்தவர்களும் கிறிஸ்தவர்கள்தாம், கையில் அதே விவிலியந்தான். கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை என்று அவர்கள் கட்டளை பிறப்பித்தார்கள். கத்தோலிக்கக் கோயில்கள் பறிபோயின. 1670இல் மாந்தையிலிருந்து சில குடும்பங்கள் மாதாவின் சொரூபத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் போய் மருதமடுவில் ஒதுங்கியதாக மரபு கூறும். இன்று இலட்சக்கணக்கானோர் சென்று வழிபடும் மடுத் திருத்தலம், கிறிஸ்தவ ஆட்சியொன்றுக்கு அஞ்சி ஓடிய கிறிஸ்தவ அகதிகள் உண்டாக்கியது. இந்துக்களின் கொடுமை, பௌத்தரின் கொடுமை என்று பட்டியல் போடும் மேலைநாட்டு அன்பர்கள் இதையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்வது நல்லது.

1687இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகள் வந்தார். வெள்ளையரல்லர், கொங்கணி பேசும் இந்தியர். ஒல்லாந்தர் கண்ணில் படாதிருக்கக் கூலியாள் வேடம் பூண்டார். தமிழ் பயின்றார். யாழ்ப்பாணத்தில் மறைந்து வாழ்ந்து பணிசெய்து, பின் புத்தளம் வழியாக 1692இல் கண்டிக்குப் போனார். முதலில் ஒற்றர் என ஐயுற்றுச் சிறையில் இட்ட பௌத்த மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன், பின்பு அவரை உணர்ந்து விடுவித்துச் சுதந்திரமாகப் பணிசெய்ய இடமளித்தான். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளரை எடுத்துப் பேணியவர் வாஸ் அடிகள். 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்துவிட்டு அன்றே மடுவுக்கும் சென்றார். கிறிஸ்தவ அரசு துரத்தியது, பௌத்த அரசன் காத்தான். மதத்துக்கு மதம் பகை என்று எளிதாகக் கோடு கிழிப்போர் இந்தக் கதையை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்?

இவையெல்லாம் பழங்கதைகள். என் மனத்தை உறுத்துவது நம் கண்முன்னே நடந்தவை.

1984 டிசம்பர் 4ஆம் திகதி மன்னார்ப் பகுதியில் இராணுவ வாகனம் ஒன்று கண்ணிவெடியில் சிக்கியதைத் தொடர்ந்து படையினர் வெறியாட்டம் ஆடினர். நூற்றுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒன்பது நாள் கழித்து, டிசம்பர் 13ஆம் திகதி, முருங்கனில் பணிபுரிந்த மெதடிஸ்த குரு ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம், உடன் சென்றவர்களோடு கொல்லப்பட்டு வாகனத்தோடு எரிக்கப்பட்டார். அவருடைய துணைவியார் சிங்களப் பெண்மணி. 1985 ஜனவரி 5ஆம் திகதி இரவு வங்காலை புனித அன்னாள் ஆலயத்தைப் படையினர் சூழ்ந்தனர். பங்குத்தந்தை மேரி பஸ்தியன் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய உடல் ஊராரிடம் கொடுக்கப்படவில்லை. அவர் கொல்லப்படவில்லை, படகேறி இந்தியாவுக்குப் போய்விட்டார் என்று அரசு சொன்னது. கொலை ஒரு குற்றம். கொன்றபின் ஓடிப்போனான் என்று சொன்னது அதனினும் பெரிய குற்றம்.

இந்த இருவரும் மதம் மாற்றினார்களா? வங்காலை பல தலைமுறைகளாகக் கத்தோலிக்க ஊர். அங்கே மாற்றுவதற்கு எவரும் இல்லை. பஸ்தியன் அடிகளும் ஜெயராஜசிங்கம் போதகரும் மனித உரிமைப் பணியில் நின்றவர்கள். ஊரில் எவர் காணாமற் போனார், எவர் எங்கே சுடப்பட்டார் என்று அறிந்திருந்தவர்கள். பெற்ற தாய்மார் அழுதுகொண்டு ஓடிப்போய் "சுவாமி, என்ர பிள்ளையைக் கொண்டுபோட்டாங்கள்" என்று முறையிடும் இடம் பங்குமனையாகத்தான் இருந்தது. முறைப்பாட்டைக் கேட்பவன் சாட்சியாகிறான். சாட்சி இல்லாமற் போவது எவருக்கு வேண்டியிருந்தது என்று கேட்டால், விடை மதத்துக்குள் இல்லை, அரசுக்குள் இருக்கிறது.

இருபது ஆண்டுகள் கடந்தும் இது மாறவில்லை. 2006 ஜூன் 17ஆம் திகதி பேசாலை வெற்றிமாதா ஆலயத்தில் மக்கள் அடைக்கலம் புகுந்திருக்கையில் உள்ளே கைக்குண்டு வீசப்பட்டது. மன்னார் மறைமாவட்டக் குருவும் இயேசு சபை அகதிகள் சேவையின் மன்னார் இணைப்பாளருமான பாக்கியரஞ்சித் அடிகள், 2007 செப்டெம்பர் 26ஆம் திகதி வன்னியில் கிளைமோர் தாக்குதலில் கொல்லப்பட்டார். அன்று அவர் எடுத்துச் சென்றது இடம்பெயர்ந்தோருக்கான நிவாரணப் பொருள்கள். 2008 ஏப்ரல் 20ஆம் திகதி, வடகிழக்கு மனித உரிமைகள் செயலகத்தின் தலைவராயிருந்த கருணாரத்தினம் அடிகளும் அவ்வாறே கொல்லப்பட்டார். அரசு மறுத்தது. எவரும் தண்டிக்கப்படவில்லை.

ஆயர் இராயப்பு யோசேப்பு அவர்களின் கதையும் இதுவே. 2011 ஜனவரியில் அவர் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் சென்று, 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியிலிருந்த மக்கள் தொகை 429,059 என்ற அரச பதிவையும், வெளியே வந்தோர் 282,380 என்ற கணக்கையும் வைத்து, எஞ்சிய 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டார். ஒரு கழித்தற் கணக்கு, அவ்வளவுதான். அதற்குப் பதில் வரவில்லை. 2012இல் குற்றப் புலனாய்வுத் துறையினர் அவரிடம் விசாரணைக்கு வந்தனர். 2021 ஏப்ரல் 1ஆம் திகதி அவர் இறக்கும்வரையும் அந்தக் கேள்வி கேள்வியாகவே இருந்தது. இன்றும் அப்படியே இருக்கிறது.

ஆகவேதான் சொல்கிறேன். இவர்களை "மதம் பரப்பியதற்காக மாண்டவர்" என்று எழுதும் வெளிநாட்டு அன்பர், தம்மை அறியாமலே கொலையாளிக்கு உதவுகிறார். அரசும் படையும் செய்த கொலை, ஏதோ கீழைத்தேயத்து மதவெறியாகத் திரிந்துவிடுகிறது. "மதம் பரப்பினார்கள், அனுபவித்தார்கள்" என்று எழுதும் நம்மவர், தம் இனத்தின் சாட்சிகளையே தம் கையால் அழிக்கிறார். முள்ளிவாய்க்காலுக்கு நீதி கேட்டு ஜெனீவாவில் கொடி பிடித்துவிட்டு, வீடு திரும்பியதும் பாதிரிமாரைப் பழிக்கும் கட்டுரையை நண்பர்களுக்கு அனுப்பிவைப்போரை நான் அறிவேன். ஜெனீவாவில் அவர்கள் காட்டும் எண் 146,679. அந்த எண்ணைத் தந்தவர் யார் என்பதை அவர்கள் மறந்துவிடலாகாது.

சைவர் தரப்பில் உண்மையான மனக்குறை ஒன்று உண்டு. அதையும் மறைக்க நான் விரும்பவில்லை. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரத்தைப் போர்த்துக்கேயர் இடித்தார்கள். அதன் கற்கள் மன்னார்க் கோட்டைக்குப் போயின என்ற கூற்று தலைமுறை தலைமுறையாக வழங்கிவருகிறது. 1872இல் ஆறுமுக நாவலர் அத்தலத்தை மீட்டெடுக்கும்படி மக்களுக்கு அறைகூவல் விடுத்தார். அந்தக் காயம் கற்பனையன்று. ஆனால் இடித்தது லிஸ்பனின் அதிகாரம். வங்காலையில் வலை பின்னுகிறவனிடம் அதற்குக் கணக்குக் கேட்பது நீதியாகாது.

அதே நீதி மறுபக்கத்துக்கும் உண்டு. 2019 மார்ச் 3ஆம் திகதி, மகா சிவராத்திரிக்கு முதல்நாள், திருக்கேதீச்சர வீதியில் புதிதாக அமைக்கப்பட்ட வளைவைக் கத்தோலிக்கர் சிலர் பிடுங்கி எறிந்தனர். கோயிலை இழந்து சொரூபத்தைச் சுமந்து காட்டுக்கு ஓடியவர்களின் வழிவந்தோர், அதே மாந்தையில், அயலவனின் திருவிழா நாளில் இதைச் செய்தனர். காணி யாருடையது, அனுமதி இருந்ததா என்பன நீதிமன்றம் பார்க்கும் விடயங்கள். துன்புறுத்தலின் நினைவை ஆண்டுதோறும் கொண்டாடுகிறவர்களுக்கு அந்த நினைவு கற்பித்தது என்ன என்பது நீதிமன்றம் பார்க்கும் விடயமன்று. தமிழர் என்ற வகையிலும் நம் கை தூய்மையானதன்று. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் மன்னார் உட்பட வடமாகாணம் முழுவதிலுமிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மதத்தால் இனங்கண்டு மனிதரைத் துரத்திய அந்தச் செயலை நம்மில் பலர் இன்னும் மெல்லிய குரலில்தான் பேசுகிறோம்.

போதனைக்கே ஆபத்து இல்லையா என்று கேட்கலாம். உண்டு. சிறிய சபைகளின் போதகர்கள் தென்னிலங்கையில் தாக்கப்பட்டிருக்கிறார்கள். கட்டாய மதமாற்றத்தைத் தடுப்பதாகக் கூறிய சட்டமூலம் 2004இல் வந்தது. அதற்கு முந்திய ஆண்டில், மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியரின் சபையைக் கூட்டிணைக்கும் சட்டமூலம் பற்றி உயர்நீதிமன்றம், மதத்தைப் பரப்பும் உரிமைக்கு அரசியலமைப்பில் பாதுகாப்பு இல்லை என்று தீர்மானித்தது. 2005இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு, இது உரிமை மீறல் என்று கண்டது. அந்தக் கன்னியர் பக்கமே நான் நிற்கிறேன். தன் நம்பிக்கையை எடுத்துச் சொல்லவும், கேட்டவன் ஏற்கவும், ஏற்காது போகவும் உரிமை வேண்டும். ஆயின் இந்த உரிமையைக் கோரும் கத்தோலிக்க நண்பர்களிடம் ஒரு கேள்வி. நாளை பெந்தெகொஸ்தே சபையொன்று உங்கள் ஊரின் நடுவே கொட்டகை போட வந்தால், அதே உரிமையை அவர்களுக்கும் கொடுப்பீர்களா?

இறுதியாகத் திருச்சபையின் தலைமைக்கும் ஒரு சொல். குருமார் அரசியலால் மாண்டவர்கள், விசுவாசத்துக்காக மாண்டவர்கள் அல்லர், ஆகவே மறைசாட்சிகள் என்று சொல்ல இயலாது என்று சிலர் மெதுவாகக் கூறுவதைக் கேட்டிருக்கிறேன். எல் சல்வடோரின் பேராயர் ஒஸ்கார் ரொமேரோவைப் பற்றியும் இதையேதான் சொன்னார்கள். 1980 மார்ச் 24ஆம் திகதி திருப்பலி வேளையில் அவரைச் சுட்டவர்களும் கத்தோலிக்கர்களே. 2015இல் உரோமை அவரை மறைசாட்சி என ஏற்றது. 2018இல் புனிதர் ஆக்கியது. ஏழைகளின் பக்கம் நின்றதே அவருடைய விசுவாசம் என்று ஒப்புக்கொள்ள முப்பத்தைந்து ஆண்டுகள் எடுத்தன. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலில் மாண்டோரை மறைசாட்சிகளாக்கும் முயற்சி, ஐந்து ஆண்டுகள் நிறைந்த 2024இலேயே கொழும்பில் தொடங்கப்பட்டது. அது முறையானது, வரவேற்கத்தக்கது. வங்காலையின் பங்குத்தந்தை சுடப்பட்டு நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அவருக்காக அத்தகைய வேகத்தைக் கொழும்பிலும் நான் காணவில்லை, உரோமையிலும் காணவில்லை.

புனிதர் பட்டம் வேண்டும் என்பதன்று என் கோரிக்கை. சைவனாகிய எனக்கு அது பற்றிச் சொல்ல உரிமையும் இல்லை. ஆனால் அத்தகைய விசாரணை ஒன்று தொடங்கினால் சாட்சியங்கள் சத்தியம் பெற்றுப் பதிவு செய்யப்படும், ஆவணங்கள் ஒன்றுசேர்க்கப்படும், பேராலயத்தின் காப்பகத்தில் அவை அழியாது இருக்கும். அரசு செய்ய மறுத்த விசாரணையைத் திருச்சபையாவது செய்ததாகும். 1985இல் அந்த ஆலய வளவில் வெடிச் சத்தத்தைக் கேட்டவர்கள் இன்று முதுமை எய்திவிட்டார்கள். 1544இல் வெட்டுண்டவர்களின் பெயர்களை அன்று எவரும் எழுதிவைக்கவில்லை, ஆதலால் அவர்கள் இன்று வெறும் எண்ணாக நிற்கிறார்கள். இவர்களையும் அப்படி நிற்க விடுவதா என்பதை மன்னாரும், மன்னாரை விட்டு உலகெங்கும் போயிருப்பவர்களும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். இன்னும் பத்து ஆண்டுகள் போனால் கேட்பதற்கு ஆள் இருக்காது.